குல்லர்வோவின் கத்தி
பின்லாந்து மக்களின் இடைக்கத்தி: ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மனிதன் காட்டுக்குள் நுழையும்போது தன்னுடன் கொண்டு சென்ற கருவிகளுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இடையில் உறையோடு தொங்கிய சிறு கத்தியாகும். ஆஸ்திரிய, இத்தாலிய எல்லையிலுள்ள ஆல்ப்ஸ் மலைப் பனிப்பாறையில் 1991ஆம் ஆண்டு ஒரு மனிதனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் அம்மலையில் மாண்டுபோன அவனிடம் செப்புக் கோடரி, வில், அம்புகள் ஆகியவற்றோடு சிக்கிமுக்கிக் கல்லில் செய்த சிறு கத்தி ஒன்றும் இருந்தது. அதற்கு மரப்பிடி உண்டு. மரநாரினால் முடைந்த உறையும் உண்டு. பிடியும் அலகும் சேர்ந்து ஒரு சாண் நீளம்கூட இல்லாத அக்கருவியே, மடக்க இயலாத அலகுடன் இடையில் உறையிட்டுச் சுமக்கப்படும் கத்தி என்னும் பொருளுக்குக் கிடைத்துள்ள பழஞ்சான்றுகளுள் ஒன்றாகும்.

கல்லின் இடத்தைச் செம்பும் வெண்கலமும் பின்னர் இரும்பும் கைப்பற்றின. ஆயினும் அக்கத்தியின் அடிப்படை மாறவில்லை. ஒரு கைக்கு அடங்கும் பிடி, ஒரு கையகல அலகு, அதைக் காக்க ஓர் உறை என்னும் மூன்றுமே இன்றளவும் அதன் இலக்கணம். இம்மூன்றையும் வழுவாமல் காத்து, அதனைத் தம் தேசிய வாழ்வின் அடையாளமாகவே ஆக்கிக்கொண்ட மக்கள் வடபுலத்துப் பின்லாந்தினர். அவர்கள் தம் இடைக்கத்தியைப் 'பூக்கோ' என அழைப்பர். மரத்தைக் குறிக்கும் 'பூ' என்னும் பின்னிய மொழிச் சொல்லோடு அப்பெயரை இணைத்துக் காண்போர் உளர். மரப்பிடியும் மரவேலையும் அக்கத்தியோடு பிரிக்க முடியாதபடி ஒன்றியிருத்தலின் அவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகிறது.

பூக்கோவின் வரலாறு தமிழ் வாசகருக்கு முற்றிலும் அயலானது அன்று. பின்லாந்தின் தேசியக் காவியமாகிய கலேவலாவை, உதயணன் என்னும் புனைபெயரால் அறியப்பட்ட ஆர். சிவலிங்கம் பின்லாந்தில் வாழ்ந்த காலத்தில் தமிழில் பெயர்த்தார். அப்பெயர்ப்பு 1994இல் வெளிவந்தது. சிந்துவெளி எழுத்தாராய்ச்சியால் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலா அதற்கு அறிமுகவுரை வழங்கியுள்ளார். அக்காவியத்தின் மிகத் துயரமான பகுதி ஒரு கத்தி உடைவதிலிருந்தே மூள்கிறது.

காவியத்தில் ஒரு கத்தி

பின்லாந்தின் நாட்டார் பாடல்களைத் தொகுத்துக் காவியமாகக் கோத்தவர் எலியாஸ் லொன்ரொத். இவர் மருத்துவர். 1833ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகள் கஜானி நகரில் மாவட்ட மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டே ஊர் ஊராக நடந்து பாடல்களைத் திரட்டினார். கலேவலாவின் முதற்பதிப்பு 1835இலும், 50 பாடல்களாக விரிந்த திருத்தப் பதிப்பு 1849இலும் வெளிவந்தன. குல்லர்வோ என்பானின் கதை இத்திருத்தப் பதிப்பிலேயே 31 முதல் 36 வரையிலான ஆறு பாடல்களாக முழுமை பெற்றது.

குல்லர்வோவின் குலம் அவன் சிற்றப்பன் உந்தமோவினால் அழிக்கப்படுகிறது. அடிமையாகவே பிறந்து வளரும் அவன், கொல்லன் இல்மரினனிடம் விற்கப்பட்டு மாடு மேய்ப்பவனாகிறான். இல்மரினனின் மனைவி அவனுக்குக் கட்டுச்சோறாகக் கொடுத்தனுப்பும் ரொட்டியினுள் ஒரு கல்லை வைத்துச் சுட்டுவிடுகிறாள். பசியோடு அமர்ந்த குல்லர்வோ தன் இடைக்கத்தியை உருவி ரொட்டியை அறுக்கிறான். அலகு கல்லில் மோதி ஒடிகிறது. அக்கத்தி அவன் தந்தை வழியாக வந்தது. இழந்த குலத்தின் நினைவாக அவனிடம் எஞ்சியிருந்த ஒரே பொருள். அதன்பின் அவன் மாடுகளுக்கு ஈடாக ஓநாய்களையும் கரடிகளையும் வீட்டுக்கு ஓட்டிவருகிறான். பால் கறக்கக் குனிந்த தலைவி அவற்றின் வாய்ப்பட்டு மடிகிறாள். கதை அங்கிருந்து பேரழிவை நோக்கி விரைகிறது.

இங்குக் கருதத்தக்கது ஒன்று உண்டு. அடிமைக்குச் சோறு மறுக்கப்பட்டதன்று, அவனுடைய கத்தி ஒடிக்கப்பட்டதே பழிக்குக் காரணமாகிறது. பின்லாந்துச் சிற்றூர் வாழ்வில் ஓர் ஆளின் கத்தி அவனுடைய உடைமை மட்டுமன்று. அவன் யார், எவர் மகன் என்பதன் சான்றும் அதுவே. இதனை அறியாதார்க்குக் குல்லர்வோவின் சினம் அளவு மிஞ்சியதாகத் தோன்றும். அறிந்தார்க்கு அது விளங்கும். ஓவியர் அக்செலி கல்லேன்-கல்லேலா 1899இல் குல்லர்வோவின் சாபத்தைத் தீட்டினார். இசையமைப்பாளர் ழான் சிபெலியுஸ் 1892இலேயே அவன் கதையை இசையாக்கியிருந்தார். ரஷ்யப் பேரரசின் ஆட்சிக்குட்பட்டுத் தன் மொழிக்கு உரிய இடத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒரு சிறு இனம், கத்தி உடைந்த அடிமையின் கதையில் தன் முகத்தையே கண்டது எனலாம்.

இரும்பின் பிறப்பு

கலேவலாவின் ஒன்பதாம் பாடல் இரும்பின் பிறப்பைக் கூறுவது. மரவேலையின்போது கோடரி தவறி முதுபாவலன் வைனாமொயினனின் முழங்காலில் பாய்கிறது. குருதியை நிறுத்த வேண்டுமாயின் இரும்பு பிறந்த கதையைச் சொல்லியாக வேண்டும். வானத்துக் கன்னியர் மூவர் நிலத்தின்மேல் பால் சொரிந்தனர். கரும்பாலிலிருந்து வளையும் மென்னிரும்பும், வெண்பாலிலிருந்து எஃகும், செம்பாலிலிருந்து எளிதில் உடையும் இரும்பும் தோன்றின. தன் உடன்பிறந்தானாகிய மனிதனை வெட்டமாட்டேன் என்று இரும்பு சூளுரைத்தது. கொல்லன் இல்மரினன் அதனைத் துவைச்சல் போடுவதற்குத் தேன் கொண்டுவரத் தேனீயை அனுப்பினான். இதனைக் கேட்டிருந்த குளவி முந்திக்கொண்டு நஞ்சைக் கொண்டுவந்து நீரில் கலந்தது. நஞ்சு நீரில் அமிழ்ந்த இரும்பு சூளை மறந்து மனிதனை வெட்டியது.

இது புராணமே, எனினும் இதனைப் பாடியவர்கள் உலைக்களத்தை நன்கறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. மென்னிரும்பு, எஃகு, உடையும் இரும்பு என்னும் மூவகைப் பகுப்பு கரியின் அளவினால் அமைவது என்று இன்றைய உலோகவியல் கூறும். பின்லாந்துக் கொல்லர் ஏரிகளின் அடியிலும் சதுப்பு நிலங்களிலும் திரண்ட தாதுவிலிருந்து இரும்பு எடுத்தனர். நல்ல எஃகு அரிதாயிருந்தமையால், கூர்விளிம்புக்கு மட்டும் எஃகை வைத்து, இரு பக்கமும் மென்னிரும்பைப் பொருத்தி அடித்து ஒன்றாக்கினர். விளிம்பு கூரைத் தாங்கும். பக்கங்கள் அதிர்வைத் தாங்கும். முழுதும் கடுமையாகத் துவைச்சல் ஏறிய அலகு கல்லில் மோதினால் குல்லர்வோவின் கத்தியைப்போல் ஒடிந்துவிடும்.

துவைச்சல் என்பதன் உட்பொருளும் இதுவே. கரியெஃகை ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வரை செந்தழலாகக் காய்ச்சி எண்ணெயிலோ நீரிலோ அமிழ்த்தினால் அது கண்ணாடி போல் கடினமாகும், உடையவும் செய்யும். பின்னர் 200 பாகை அளவில் மீண்டும் இளஞ்சூடேற்றி ஆறவிட்டால் கடுமை சற்றே தணிந்து உறுதி பிறக்கும். கடுமையைக் கூட்டுவது எளிது. வேண்டிய அளவில் தணிப்பதே கொல்லனின் கலை.

வடிவமும் காரணமும்

பூக்கோவைக் காண்பார் முதலில் அதன் எளிமையைக் காண்பர். அலகு பெரும்பாலும் 7 முதல் 10 செ.மீ. நீளமுடையது, பிடியும் ஏறத்தாழ அதே அளவினது. முதுகு நேராகச் செல்லும். ஒரு பக்கமே கூர். அலகின் நடுவிலிருந்து விளிம்புவரை இரு புறமும் தட்டையாகச் சரிந்து, இடையில் வேறு மடிப்பின்றி நேரே கூரில் முடியும். இச்சரிவு மரத்தின்மேல் படிந்து ஊர்ந்து செல்வதால், செதுக்கும் கை தன் சாய்வைத் தானே அறிந்துகொள்ளும். தீட்டும்போதும் சரிவு முழுவதையும் கல்லின்மேல் படியவைத்தால் போதும். கோணத்தை அளக்க வேண்டுவதில்லை. பயிற்சி குறைந்த சிறுவனும் அதனைத் தீட்டிவிடுவான்.

பிடிக்கும் அலகுக்கும் இடையே கையைக் காக்கும் குறுக்குத் தடுப்பு மரபான பூக்கோவில் இல்லை. இதுவே அதன் இயல்பைத் தெளிவாகக் காட்டும் கூறு. குறுக்குத் தடுப்பு, குத்தும்போது கை முன்னோக்கி வழுக்காமல் இருப்பதற்கு உரியது. செதுக்குவோனுக்கோ அது இடையூறு. கட்டைவிரலை அலகின் முதுகில் வைத்து நுண்ணிய வேலை செய்ய அது விடாது. தடுப்பைத் தவிர்த்ததன் வாயிலாக, இது செதுக்குவதற்கு உரியது, குத்துவதற்கு உரியதன்று என்பதை அவ்வடிவமே கூறிவிடுகிறது. அவ்வடிவத்தின் சொல்லை மனிதர் எப்போதும் கேட்டார்களா என்பது பின்னர்க் காணப்படும்.

பிடிக்குச் சுருளிழை கொண்ட பூர்ச்ச மரமே பெரிதும் விரும்பப்பட்டது. பூர்ச்சப் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கி அழுத்திச் செய்த பிடிகளும், கலைமான் கொம்புப் பிடிகளும் உண்டு. உறைபனிக்கு மிகவும் கீழான குளிரில் உலோகம் வெறுங்கையின் சூட்டை உறிஞ்சி விரலை மரக்கச் செய்யும். மரமும் பட்டையும் அவ்வாறு செய்வதில்லை. ஈரத்திலும் பட்டைப்பிடி வழுக்குவதில்லை. அலகின் வால்பகுதி பிடியின் நடுவே ஊடுருவிச் சென்று மறுமுனையில் அடித்து மடக்கப்படும். எனவே உலோகம் எதுவும் கையில் படாது.

உறை தோலால் ஆனது. அது அலகை மட்டுமன்றிப் பிடியின் பெரும்பகுதியையும் உள்ளடக்கும். கத்தி உறைக்குள் ஆழ்ந்து அமர்வதால் பனியில் விழுந்து எழுந்தாலும் நழுவாது. வேறு கட்டும் பூட்டும் வேண்டுவதில்லை. இடைவாரில் தொங்கலாக மாட்டப்படுவதால் அமரும்போது இடிப்பதுமில்லை. நல்ல கத்தியை இழந்தவர்களுள் பலர் தீய உறையால் இழந்தவர்களே ஆவர்.

தெரிவு

காட்டுக்குச் செல்வோன் பெரிய கத்தியை நாடுவதா, சிறிய கத்தியை நாடுவதா என்னும் வினா பின்லாந்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1827இல் நிகழ்ந்த ஒரு கைகலப்பினால் ஜேம்ஸ் பூயி என்பார் புகழ்பெற, அவர் பெயரால் வழங்கிய நீண்ட கனத்த கத்தி அந்நாட்டு மாந்தரின் மனத்தைக் கவர்ந்தது. வேட்டைக்கும் அதுவே ஏற்றதெனப் பலர் எண்ணினர். 'நெஸ்முக்' என்னும் புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் 1884இல் வெளியிட்ட காட்டுவாழ்வு நூலில் அவ்வெண்ணத்தை மறுத்தார். மெல்லிய சிறு கத்தியொன்றும், கைக்கோடரியொன்றும், பையில் மடக்குக்கத்தியொன்றும் இருப்பின் காட்டில் யாதொரு குறையுமில்லை என்பது அவர் துணிபு. ஹொரஸ் கெஃபார்ட் என்பாரும் 1906இல் வெளிவந்த தம் நூலில் இதனையொத்த கருத்தையே கொண்டிருந்தார். நேரில் காட்டில் வாழ்ந்தவர்கள் சிறு கத்தியின் பக்கமே நின்றனர் என்பது இதனால் விளங்கும்.

பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி இனத்தார் இவ்வினாவுக்கு வேறொரு விடை கண்டனர். 'லெயுக்கு' எனப் பின்னிய மொழியில் வழங்கும் அவர்களுடைய பெருங்கத்தி 20 செ.மீ.க்கும் மேற்பட்ட அலகுடையது. மரங்கள் குட்டையாக வளரும் அந்நிலத்தில் பெருங்கோடரி மிகை. கிளை வெட்டவும், விறகு பிளக்கவும், கலைமானின் எலும்பைத் துண்டிக்கவும் லெயுக்கு போதும். ஆயினும் அவர்களும் அதனோடு சிறு கத்தியொன்றைச் சேர்த்தே அணிவர். இரு கத்தியையும் ஒருங்கே தாங்கும் இரட்டை உறையும் உண்டு. பெரியது சிறியதன் வேலையைச் செய்யாது என்பதை அவர்களும் ஒப்புக்கொண்டவாறு இது.

எனவே தெரிவின் முறை எளிதாக அமைகிறது. அலகு தன் உள்ளங்கையின் அகலத்தை மிகுதியும் விஞ்சலாகாது. பிடி நான்கு விரலும் நிறைந்து அமர வேண்டும். பல நாழிகை செதுக்கினாலும் உள்ளங்கையில் கொப்புளம் எழாதபடி விளிம்புகள் உருண்டிருக்க வேண்டும். கரியெஃகு விரைவில் கூராகும், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும். துருவேறா எஃகு கடலோரத்துக்கும் மீன் அரிவோருக்கும் உகந்தது, தீட்டச் சற்றுப் பொறுமை வேண்டும். விலைமிகுதி தேவையில்லை. சுவீடன் நாட்டு மூரா வட்டாரத்தில் 1891 முதல் தொழிற்சாலை முறையில் செய்யப்பட்டுவரும் எளிய கத்திகள், மிகக் குறைந்த விலையில் மிக நல்ல எஃகைத் தரமுடியும் என்பதை உலகுக்குக் காட்டியுள்ளன.

பயன்பாடு

பனிக்காட்டில் ஈரமற்ற சுள்ளி எளிதில் கிட்டாது. புறத்தே நனைந்த கட்டையைக் கோடரியால் பிளந்தால் உள்வைரம் உலர்ந்திருக்கும். அதனைச் சிறு கோலாக்கி, அலகைத் தட்டையாகப் படியவைத்து மெல்லிய சுருள்களாகச் சீவி, சுருள்கள் அறுந்துவிழாமல் கோலின் நுனியிலேயே கொத்தாக நிற்கச் செய்வர். ஒரே தீக்குச்சியில் அக்கொத்து பற்றிக்கொள்ளும். கூர் மழுங்கிய கத்தியால் இவ்வாறு சீவ இயலாது. ஆதலின் இது நெருப்பு மூட்டும் முறையாதலோடு கத்தியின் தகுதியைச் சோதிக்கும் முறையும் ஆகும். கடுங்குளிரில் நனைந்த உடையோடு நிற்பவனுக்கு அச்சுருள்கள் பற்றுமா பற்றாதா என்பது உயிர்ப் பிரச்சினை.

இலையுதிர் காலத்தில் காட்டெருமை அளவினதான எல்க் மானை வேட்டையாடுதல் பின்லாந்தில் உரிமம் பெற்று நிகழ்வது. அத்துணைப் பெரிய விலங்கின் வயிற்றைத் திறக்கவும் தோலை உரிக்கவும் ஒரு கையகல அலகே போதுமானது. குடல் கிழிந்தால் இறைச்சி கெடும். நுனியை மேல்நோக்கி வைத்து இரு விரலால் உட்சதையைத் தாழ்த்திக்கொண்டு அறுப்பது முறை. நீண்ட அலகின் நுனி கண்ணுக்குப் புலப்படாமல் உள்ளே எங்கோ தைத்துவிடும். மீன் அரிதல், பூர்ச்ச மரத்தின் கணுவைக் குடைந்து 'குக்சா' என்னும் கிண்ணம் செய்தல், ரொட்டி அறுத்தல் ஆகிய அனைத்தும் அக்கத்தியின் அன்றாடப் பணிகள்.

சிறுவருக்கு முதலில் கற்பிக்கப்படும் விதிகளும் வடிவத்தைப் போலவே எளியவை. அலகை உடலுக்குப் புறம்பே செலுத்துக. தொடைகளின் நடுவே வைத்துச் செதுக்கற்க. கை நீட்டினால் எட்டும் தொலைவில் பிறர் நிற்கும்போது உறையிலிருந்து உருவற்க. பிறருக்கு நீட்டும்போது பிடியை நீட்டுக. வேலை முடிந்த கணத்தில் துடைத்து உறையிடுக. நெம்புகோலாகவோ உளியாகவோ அதனைப் பயன்படுத்தலாகாது, எறிதலும் ஆகாது. தொடைநடுவில் தவறிய அலகு பெருங்குருதிக் குழாயை அறுத்துவிடக்கூடும். காட்டில் உதவி வருவதற்குள் உயிர் போய்விடும் என்பதால் இவ்விதி ஏனையவற்றினும் கடுமையாகப் போற்றப்படுகிறது.

பெண்டிரும் வீட்டு வேலைக்கும் காட்டு வேலைக்கும் கத்தி அணிந்தனர். மணப்பருவம் எய்திய பெண் வெற்றுறையொன்றை இடையில் அணிவதும், அவளை விழையும் இளைஞன் தன் பூக்கோவை அதனுள் இடுவதும், அவள் அதனைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வாளாயின் இசைவு என்று கொள்வதும் பழைய வழக்கம் எனப் பின்லாந்து நாட்டார் வழக்காறு கூறும். மறுக்கும் உரிமை அவளுடையது என்பதே அவ்வழக்கத்தின் அழகு.

குருதி படிந்த காலம்

இத்துணைப் பயனுடைய கருவிக்கு இருண்ட பக்கமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தெற்கு ஒஸ்ட்ரோபோத்னியா வட்டாரத்தில், குறிப்பாக ஹார்மா, கௌஹவா, லப்புவா ஆகிய ஊர்களில், கத்திச் சண்டையும் கொலையும் பெருகின. திருமண விருந்துகள் பல நாள் நீடித்தன. வீட்டிலேயே வடித்த மது பெருகியது. நிலமின்றி எஞ்சிய இளைஞர் கூட்டம் அழையா விருந்தினராக நுழைந்தது. ஒவ்வோர் இடையிலும் கத்தி இருந்தது. 'கத்திச் சண்டியர்' எனப் பொருள்படும் பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டனர். இக்காலத்தை ஆராய்ந்து 1976இல் நூல் வெளியிட்ட வரலாற்றறிஞர் ஹெய்க்கி யுலிகங்காஸ், இதனைத் தனிமனிதக் கொடுமையாகக் கொள்ளாமல் சமூக, பொருளியல் மாற்றத்தோடு இணைத்துக் கண்டார்.

அந்தி இசோதலோ, அந்தி ரன்னன்யார்வி என்னும் இருவர் அச்சண்டியருள் பெயர்பெற்றோர். 1869இல் சிறைப்பட்ட அவ்விருவரும் விலங்கு பூட்டப்பட்ட நிலையில் நிற்கும் ஒளிப்படம் இன்றும் பார்வைக்குக் கிடைக்கிறது. அதனை எடுத்தவர் வாசா நகரில் தொழில் நடத்திய யூலியா வித்கிரேன் என்னும் பெண்மணி. பின்லாந்தின் முதற் பெண் ஒளிப்படக் கலைஞருள் ஒருவர். அவர்களைப் பற்றி மக்கள் பாடல் பாடினர். அஞ்சப்பட்டோரே பாடல் தலைவராகவும் ஆயினர். கொலையுண்டோரின் பெயர்கள் பாடலில் இடம்பெறாமல் போயின. நாட்டார் பாடல் எப்போதும் அறத்தின் பக்கமே நிற்கும் என்று கொள்வோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வடிவத்தால் செதுக்குவதற்கே உரியதாக அமைந்த கத்தி கொலைக்கருவியானது எவ்வாறு? குறுக்குத் தடுப்பில்லாமை குத்துவோனைத் தடுத்துவிடவில்லை. கருவியின் அமைப்பு மனிதனுக்கு அறிவுரை கூறலாம், ஆணையிட இயலாது. இரும்பு தன் சூளை மறந்ததற்குக் குளவியின் நஞ்சைக் காவியம் காரணமாகக் காட்டிற்று. ஹார்மாவின் நஞ்சு மதுவிலும் வேலையின்மையிலும் வீண்பெருமையிலும் இருந்தது.

பட்டறையும் கலையும்

சண்டியரின் மண்ணாகிய கௌஹவாவிலேயே கத்தித் தொழில் செழித்ததும் கருதத்தக்கது. அங்கு 1879இல் இசாக்கி யார்வென்பா தொடங்கிய தொழில் குதிரைத்தலை வடிவில் முடியும் பிடியுடைய கத்திகளால் புகழ் பெற்றது. அவ்வழகிய கத்தி பரிசுப் பொருளாயிற்று. கைன்யு வட்டாரத்தின் ஹுரின்சல்மி ஊரைச் சேர்ந்த கல்லே கெரானேன் என்னும் கொல்லன் பிஸ்கார்ஸ் ஆலைக்குச் சென்று ஆங்கிலேய ஆசானிடம் எஃகின் பதமறியக் கற்றுத் திரும்பி உருவாக்கியது 'தொம்மி' பூக்கோ. அவ்வாசானின் பெயராகிய தாமஸ் என்பதே அங்ஙனம் மருவியது என்பர். லொன்ரொத் பாடல் திரட்டிய கஜானியும் இக்கைன்யு வட்டாரத்தைச் சேர்ந்ததே. பிஸ்கார்ஸ் இரும்பாலை 1649இல் தோன்றியது. அங்குக் கத்திப்பட்டறை 1832இல் நிறுவப்பட்டது. வடக்கே ரொவானியெமியில் ஜன்னே மார்த்தீனி 1928இல் தொடங்கிய பட்டறை பின்னர் உலகெங்கும் கத்தி அனுப்பும் நிறுவனமாயிற்று.

கண்ணாடிக் கலையில் உலகப்புகழ் பெற்ற வடிவமைப்பாளர் தபியோ விர்க்கலா (1915-1985) தம் மாதிரிகளைப் பூக்கோவினால் தாமே செதுக்குபவர். அவர் 1960களில் ஹக்மன் நிறுவனத்துக்காக ஒரு பூக்கோவை வடிவமைத்தார். நூற்றாண்டுகளாகத் தேய்ந்து தேய்ந்து அமைந்த வடிவத்தில் அவ்வளவு பெரிய கலைஞனுக்கும் மாற்றுவதற்கு மிகுதியாக ஒன்றுமில்லாதிருந்தது.

போரும் சட்டமும்

1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை 105 நாட்கள் நிகழ்ந்த பனிக்காலப் போரில் பின்லாந்து வீரரின் இடையில் பூக்கோ இருந்தது. அதனால் பகைவரை வீழ்த்திய கதைகள் பல வழங்கினும், விறகு சீவுதலும் கூடாரம் அமைத்தலும் ரொட்டி அறுத்தலுமே அதன் நாளாந்தப் பணி. எல்லைக்கு அப்பால் ரஷ்ய மொழியில் அதே கத்தி 'பின்கா' எனப் பெயர்பெற்று நகர்ப்புறக் குற்றவாளிகளின் கத்தியாக அறியப்பட்டது. ஒரே பொருள் எல்லையைக் கடந்ததும் வேறு பொருளாகிவிட்டது.

பின்லாந்திலும் நகரங்கள் வளர, வேலையின்றிக் கத்தி சுமத்தல் கேள்விக்குரியதாயிற்று. 1977இல் கூர்க்கருவிச் சட்டம் இயற்றப்பட்டது. 2003இன் பொது ஒழுங்குச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கத்தி வைத்திருத்தல் குற்றம். காட்டுக்குச் செல்வோனுக்கும் தச்சனுக்கும் மீனவனுக்கும் காரணம் உண்டு. தெருவில் மது அருந்தி நிற்பவனுக்கு இல்லை. தேசிய அடையாளமாகவே போற்றும் பொருளுக்கு அம்மக்களே வரம்பு வகுத்துக்கொண்டனர். பழம்பெருமை என்னும் பெயரால் அவர்கள் ஹார்மாவின் பிணங்களை மறைக்கவில்லை. அப்பிணங்களைக் காட்டிப் பெருமைக்குரிய கைத்தொழிலை அழிக்கவுமில்லை. இன்றும் நன்றாகப் பணியாற்றியவருக்குப் பூக்கோ பரிசளித்தல் அங்கு நம்பிக்கையின் அடையாளமாகும். இதனை உன் கையில் தருகிறேன், நீ தவறாகப் பயன்படுத்தமாட்டாய் என்பதே அப்பரிசின் பொருள்.

நிறைவுரை

குல்லர்வோவின் கதை கத்தியோடு முடியவில்லை. பழி முடித்து, அறியாமல் செய்த பெரும்பிழையையும் உணர்ந்து, எவருமற்றுத் திரும்பும் அவன் தன் வாளை நோக்கி, குற்றமுள்ள உடலை உண்பாயா என வினவுகிறான். குற்றமற்றோரையே உண்ட தனக்கு அதில் தடையில்லை என வாள் விடையிறுக்கிறது. அவ்வாளின்மேல் வீழ்ந்து அவன் உயிர்துறக்கிறான்.

தந்தையின் கத்தி அவனோடு பேசவில்லை. அது ரொட்டியை அறுக்க முயன்று ஒடிந்தது. பேசியது வாள். வாழ்வதற்குரிய சிறு கருவி ஒருவனிடமிருந்து பறிபோனால், அவன் கை கொல்வதற்குரிய பெருங்கருவியைத் தேடிச் செல்கிறது என்பதே அவ்விரு காட்சிகளையும் சேர்த்துக் காண்போருக்குப் புலனாவது. அடிமையின் ரொட்டிக்குள் கல்லை வைத்தவளின் செயலும் அக்கணக்கில் சேரும்.

பூக்கோவின் வரலாறு பின்லாந்து மக்களுக்கு இப்பாடத்தை இருமுறை கற்பித்தது. ஒருமுறை காவியத்தில், மறுமுறை ஹார்மாவின் திருமண வீடுகளில். உறையினுள் ஆழ்ந்து அமர்ந்து, வேலைக்கு மட்டும் வெளிவந்து, வேலை முடிந்ததும் துடைக்கப்பட்டு உறைபுகும் ஒரு கையகல அலகு அவர்கள் கண்ட தீர்வு. சொல்லைக் கருவியாகக் கொண்டோரும் எண்ணிப் பார்க்கத்தக்க தீர்வு அது.